கம்பெனி கொடுத்த பச்சைப் புடவை

நான் படித்தது நாலாவது வரைக்கும்தான். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். முன்னே நடந்ததைப் பின்னே சொல்லிவிடுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மராத்திக்காரர்கள் ஊரான தாபோடியில் ஆற்றோரம் எங்கள் தமிழ்ச் சந்து. அதற்கு எதிரே, குப்பையை எரித்துக் கரண்ட் எடுக்கும் ஆலை கட்டப்போவதாக ஒரு கம்பெனி சொன்னது. பாதிக்குப் பாதி பிளாஸ்டிக் குப்பை. என் வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே இழுப்பு. தெருமுனையில் யாராவது டயர் கொளுத்தினாலே படுக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார். அந்த ஆலை வந்தால் இவரை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? அதுதான் என் கவலை.

சங்கராந்தி சமயத்தில் மராத்திப் பெண்கள் மஞ்சள் குங்குமத்துக்கு அழைத்து ஏதாவது வைத்துக்கொடுப்பார்களே, கம்பெனியும் அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. சந்துப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிளிப்பச்சைப் புடவை. குங்குமம் இட்டுக் கொடுப்பதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாங்கிக்கொண்டோம்.

பிறகு, ஆலையைப் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்க சர்க்கார் ஒரு கூட்டம் வைத்தது. பெரிய இடத்துக்குப் போகிறோமே என்று நான் அந்தப் புதுப் புடவையையே கட்டிக்கொண்டு போய்விட்டேன். மண்டப வாசலில் எதிர்வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா, அவன் புடவையவே சுத்திக்கினு அவன எதுத்துப் பேசப் போறியா?"

கூனிக்குறுகிப் போனேன். ஆனால் எங்கள் பெண்களையெல்லாம் இடமில்லை என்று மறித்துக்கொண்டிருந்த கம்பெனி ஆள், என்னைப் பார்த்ததும் கும்பிட்டான். "யா மாவுஷி, புடே பஸா," வாங்க சித்தி, முன்னால் போய் உட்காருங்கள் என்றான். பச்சைப் புடவை என்றால் தங்கள் பக்கம் என்பது அவன் கணக்கு.

எதிர்வீட்டுக்காரி விடுவாளா? "ஏய், ஓடுங்கடி! எல்லாரும் பச்சையக் கட்டிக்கினு வாங்க!"

கூட்டம் தொடங்குவதற்குள் நாற்றங்காலே எழுந்து நடந்து வந்த மாதிரி வந்தார்கள். அவனே நாற்காலி போட்டு உட்கார வைத்தான்.

ஆலை வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் அதிகாரி. ஒரு பச்சைக் கையும் எழவில்லை. கம்பெனி ஆள் ஓடி வந்து, "மாவுஷி, ஹாத்! ஹாத்!" என்று கெஞ்சினான்.

"கையி சுளுக்கிக்கிச்சு கண்ணு," என்றாள் எதிர்வீட்டுக்காரி, தமிழிலேயே.

வேண்டாம் என்பவர்கள் யார் என்று கேட்டதும், கடைக்காரனிடம் பேசவே கூச்சப்படும் நான்தான் முதலில் எழுந்தேன். எப்படி எழுந்தேனோ! என் வீட்டுக்காரருக்கு மூச்சு வேண்டும் சாப், இந்தப் புடவையைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.

"இங்கயே அவுத்துடாதக்கா!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். சிரித்துக்கொண்டே மண்டபம் முழுக்கப் பச்சையாக எழுந்து நின்றது. அதிகாரி எழுதிக்கொண்டார்.

மழைக்காலம் முடிந்தபோது செய்தி வந்தது: ஆலைக்கு அனுமதி இல்லை. சந்தில் பேடா கொடுத்தோம். இப்போது வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்துக் குறட்டை விடுகிறார். தூக்கம் போனது எனக்குத்தான்.

அதிகாரி முதலில் கேட்டது வேண்டும் என்பவர்களையா, வேண்டாம் என்பவர்களையா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அன்று உள்ளே இருந்தவர்கள் யாராவது படித்துப் பார்த்துத் திருத்திக் கொடுங்கள். நான் எழுந்து நின்றதை மட்டும் அடித்துவிடாதீர்கள், அது நன்றாக நினைவிருக்கிறது.