ஓரத்தில் போட்ட கேள்வி

அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. பதினெட்டு வருஷமாக அடுத்தவர் எழுதியதைச் சந்தேகக் கண்ணோடு பார்த்துப் பார்த்து, வீட்டில் பால் பொங்கினால்கூட யார் வேலை இது என்று கேட்கிற புத்தி வந்துவிட்டது. அதனால் அந்த நான்கு நோட்டுகள் என் மேஜைக்கு வந்தபோது, இதில் ஏதோ உள்நோக்கம் இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது.

கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தங்கை என்று நாங்கள் வளர்த்த என் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். பெண்ணாக வளர்க்கப்பட்டவன் ஆணாக வெளியே வந்த கதையை எழுதியிருக்கிறான். ஒன்பது வருஷமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. ஊரில் இத்தனை அச்சகம் இருக்க, அக்கா வேலை பார்க்கிற இடத்திலேயே கொண்டுவந்து கொடுப்பானேன்?

மேனேஜரிடம் கேட்டேன்.

"அவரே நேர்ல வந்து குடுத்தாரும்மா. இங்க புரூஃப் நல்லா பாப்பாங்கன்னு கேள்விப்பட்டாராம்."

கேள்விப்பட்டானாம்! பச்சைப் பிள்ளை, ஒன்றும் தெரியாது பாருங்கள்.

எங்கள் அச்சகத்தில் ஒரு பழக்கம். ஒருவர் கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிக்க வேண்டும்; மற்றவர் அச்சடித்த தாளைப் பார்த்துத் திருத்த வேண்டும். எனக்குப் படித்துக் காட்டுகிறவருக்கு வானொலி என்று பெயர் வைத்திருந்தோம். சாவுச் செய்தியானாலும் சரி, கல்யாணப் பத்திரிகையானாலும் சரி, ஒரே குரல்தான். நிறுத்தற்குறியையும் விடமாட்டார்.

"முதல் முறை சவரம் செய்தபோது கன்னத்தில் வெட்டிக்கொண்டேன் கமா சந்தோஷத்தில் ரத்தத்தைத் துடைக்கவே தோன்றவில்லை முற்றுப்புள்ளி."

எழுதியது யார் என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

நன்றாகத்தான் எழுதியிருந்தான், பாவி. குரல் உடைந்த மாதத்தில் பழுது பார்க்கிற லிஃப்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, தான் வைத்துக்கொண்ட புதுப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தானாம். கூட வேலை செய்கிறவர்கள் ஒரு மாதம் அவனை மேலும் கீழும் பார்த்தார்களாம். அப்புறம் மோட்டாரைத் தூக்க வேண்டுமென்றால் அவனைத்தான் முதலில் கூப்பிட்டார்களாம். வானொலியே ஒரு இடத்தில் சிரித்துவிட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை. 'அக்கா' என்ற சொல் வரும்போதெல்லாம் என் பென்சில் தாளில் ஊன்றி நின்றது. அக்கா தன் சைக்கிளைக் கொடுத்தாள், அக்கா என் தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டு அப்பாவிடம் பேன் என்று பொய் சொன்னாள். எல்லாம் நல்லதாகவே வந்தது. தூக்கி வைத்துக் கீழே போடப் போகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் பயந்த இடம், ஒன்பது வருஷத்துக்கு முந்தைய அந்த நாள், நாற்பத்தோராம் பக்கத்தில் வந்தது.

அன்று காலை எட்டு மணிக்கு அவன் ஆணாக மாறுகிற சிகிச்சைக்காக டாக்டரைப் பார்க்க வேண்டும். ஏழு மாதம் காத்திருந்து வாங்கிய நேரம். முதல் நாள் சாயங்காலம் அப்பா, "நீ எப்படி வாசலைத் தாண்டுறேன்னு பாக்குறேன்" என்று கத்தினார். கத்தினதோடு சரி. விடிந்ததும் அவன் அறைக்கு வெளியே பூட்டுப் போட்டு, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தவள் நான். அப்போது எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவனால் அது கெட்டுவிடுமோ என்று பயந்தேன். இவன் உதவியே இல்லாமல் அது கெட்டது வேறு கதை. சாயங்காலம் சாவியை அப்பாவிடம் கொடுத்தேன். அவர்தான் போய்த் திறந்தார். மறுநாளே அவன் வீட்டை விட்டுப் போய்விட்டான். அப்பா இறந்து இரண்டு வருஷமாகிறது. அதற்குள் பூட்டியது நான்தான் என்று அவனிடம் எப்போதாவது சொல்லியிருப்பார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

வானொலி படித்தார்: "அப்பா கதவைப் பூட்டிவிட்டார் முற்றுப்புள்ளி. அப்பா கமா அப்பா என்று தட்டினேன் முற்றுப்புள்ளி. வெளியே அவர் செருப்புச் சத்தம் கேட்டது முற்றுப்புள்ளி. பதில் இல்லை முற்றுப்புள்ளி."

அன்று முழுக்க அப்பா சாவி இல்லாமல் அந்தக் கதவுக்கு முன்னால் நடந்திருக்கிறார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வெட்கம் ஒரு நிமிஷம்தான். உடனே கோபம் வந்தது. இவன் தெரிந்துதான் எழுதியிருக்கிறான்! பழியைச் செத்தவர் மேல் போட்டு, இவள் வாயைத் திறக்கிறாளா பார்ப்போம் என்று என் மேஜைக்கே அனுப்பியிருக்கிறான். எனக்கே பரீட்சையா?

எழுதியவர் சொன்ன விஷயத்தில் நாங்கள் கைவைக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு, இரண்டு வரி எழுதி அவருக்கே அனுப்பலாம்.

"என்னம்மா, நின்னுட்டீங்க? அடுத்த பாராவுக்குப் போலாமா?" என்றார் வானொலி.

"இருங்க."

ஓரத்தில் கேள்விக்குறி போட்டு எழுதினேன்: 'அப்பாவா? சாவி அன்று முழுக்க அக்காவின் கைப்பையில் இருந்தது. அப்பா பூட்டவில்லை. தெரிந்துகொண்டே மாற்றி எழுத வேண்டாம்.'

எழுதியதும் நிம்மதியாகக்கூட இருந்தது. பரீட்சையில் ஜெயித்துவிட்ட நினைப்பு.

ஐந்தாம் நாள் தாள்கள் திரும்பி வந்தன. மற்ற பக்கங்களைத் தொடாமல் நேராக நாற்பத்தொன்றை உருவினேன். என்ன குத்தல் பேச்சு எழுதியிருப்பானோ என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் படித்தேன். என் வரிகளுக்குக் கீழே, ஓரம் போதாமல் தாளின் அடிவரைக்கும் எழுதியிருந்தான்.

"அக்கா, நீ படிக்கணும்னுதான் அங்க குடுத்தேன். ஒன்னப் பத்தி நல்லபடியா எழுதியிருக்கேன்னு காட்டத்தான். இது எனக்குத் தெரியாது. அப்பா எதுவும் சொன்னதில்ல. இந்த ஒம்பது வருஷமும் அவருதான் பூட்டுனாருன்னு நெனச்சிட்டிருந்தேன். கடைசியா ஆஸ்பத்திரியில இருந்தப்ப அவரு எனக்கு ஏழு தடவ போன் பண்ணாரு. நான் ஒரு தடவகூட எடுக்கல."