எங்கள் மாட்டுங்கா பூர்வீகம்

அண்ணனுக்குத் திடீரென்று பூர்வீகத்தின் மேல் பாசம் பொங்கிவிட்டது. தாணேயில் அவன் இருக்கும் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில், மும்பைக்கு முதலில் வந்த முன்னோரைப் பற்றி ஆளுக்கொரு வீடியோ போட்டுக் காட்ட வேண்டுமாம். அப்பாவைக் காரில் ஏற்றி, வழியில் திலக் நகரில் என்னையும் அள்ளிக்கொண்டான்.

தாத்தா தாராவியில் ஒரு தோல் பட்டறையில் பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டவர். அப்பாவின் அம்மா மாட்டுங்காவில் வீட்டு வேலை செய்தவள். இது அண்ணனுக்கும் தெரியும்.

தாராவியில் பட்டறைச் சந்துப் பக்கம் அவன் வண்டியைத் திருப்பவே இல்லை. மெயின் ரோட்டில், கைப்பை விற்கும் ஒரு ஏ.சி. கடை வாசலில் நின்று, "எங்க ஃபேமிலி லெதர் பிசினஸ்" என்று போனைப் பார்த்துச் சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிசினஸாம். உப்பில் ஊறி ஊறித் தாத்தாவின் விரல்கள் வெடித்துக் கிடந்ததை அப்பா சொல்லிச் சொல்லித்தானே நாங்கள் வளர்ந்தோம்.

அடுத்து மாட்டுங்கா. ஒரு பழைய மூன்று மாடிக் கட்டிடத்தின் முன்னால் நின்று, "இதுதான் எங்க தாத்தா வீடு" என்றான் அண்ணன். அப்பாவைக் காணவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். குப்பை எடுப்பவர்களும் வேலைக்காரர்களும் ஏறுவதற்கென்றே அங்கே ஓர் இரும்புச் சுருள்படி உண்டு. அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முன்படியில எங்கம்மைய விடமாட்டாவல்லா. இதுலதான் ஏறுவா" என்றார்.

பின்னாலேயே வந்த அண்ணன், "அதெல்லாம் எதுக்குப்பா இப்போ? முன்னால வாங்க, அங்கதான் லைட் நல்லாருக்கு" என்றான். அப்பா கம்பியை விட்டுவிட்டுப் போய் முன்வாசலில் நின்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இவன் சொந்தப் பாட்டியையே மறைத்தான். காரில் சண்டை பிடித்தேன்.

"நாலு பேரு பாக்கப்போற வீடியோ. அதுல பாத்திரம் தேச்ச கதையெல்லாம் வேணுமாட்டி?" என்றான்.

விழாவில் அந்த வீடியோவுக்கு நல்ல கைதட்டல். அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் ஆவலாகத் திரும்பினார்.

"அந்த பில்டிங்கா சார்? எங்க மாமா அங்கதான் இருந்தார். நீங்க எந்த மாடி?"

அண்ணன் வாயெடுப்பதற்குள் அப்பா கூடத்துக்கே கேட்கும்படி பதில் சொன்னார்.

"எல்லா மாடியுந்தான். எல்லா வீட்டுலயும் எங்கம்மைதான் பாத்திரம் தேச்சா."