தோளுக்கு வலி, காலுக்கு வைத்தியம்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று நான்கைந்து பேர் கார்டு போட்டிருக்கிறீர்கள். "உடம்புக்கு ஏதாவது...?" என்று ஒருவர் இழுத்திருக்கிறார். ஒன்றுமில்லை ஐயா! போன வாரம் பொன்னேரியில் என் தங்கை மகள் வசந்தாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் பந்தலைப் பார்ப்பானா, பத்தி எழுதுவானா?

ஆனால் உடம்பு என்று கேட்டதால் சொல்கிறேன். கல்யாணத்துக்கு நாலு மாதம் முன்னால் என் வலது கை வேலைநிறுத்தம் செய்துவிட்டது. நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்க முடியாது. தூக்கினால் தோளில் உயிர் போகும். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. சட்டை மாட்டிவிடவும் தலை வாரிவிடவும் என் மனைவி வர வேண்டும். "புள்ளைய பள்ளிக்கூடம் அனுப்புற மாதிரியே கீதுங்க" என்று அவளுக்குச் சிரிப்பு வேறு.

டாக்டர் ஊசி போட்டார், மாத்திரை கொடுத்தார். "தினமும் சுவரில் விரலை வைத்து மெதுவாக மேலே ஏற்றுங்கள்" என்றார். ஊசியும் மாத்திரையும் ஒழுங்காக முடிந்தன. சுவர்? இரண்டு நாள் ஏற்றினேன். வலித்தது. விட்டுவிட்டேன். (ஏன் சிரிக்கிறீர்கள்? நீங்கள் மட்டும் டாக்டர் சொன்னதையெல்லாம் செய்கிறவரா?)

சும்மா வலியாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் எங்கள் வகையறாவில் தாலி ஏறுவதற்கு முன் பெண்ணுக்கு நெற்றிப்பட்டம் கட்ட வேண்டும். முதல் பட்டம் தாய்மாமனுடையது. பெண் நிற்பாள். மாமன் எதிரே நின்று, இரண்டு கையையும் அவள் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் முடிச்சுப் போட வேண்டும். வசந்தா பிறந்த அன்றே எனக்கு வந்து சேர்ந்த உரிமை அது. நெஞ்சோடு நின்றுவிடுகிற கையை வைத்துக்கொண்டு நான் எங்கே முடிச்சுப் போடுவது?

விஷயம் என் சித்தப்பா மகன் கோவிந்தன் காதுக்குப் போய்விட்டது. "நீ இன்னாத்துக்குக் கவலப்படுற? நான் கட்டிட்டுப் போறேன். நானும் மாமன்தானே?" என்றான். அதோடு விட்டானா? பட்டம் கட்டுவதற்கென்று புதுச் சட்டைக்கு அளவும் கொடுத்துவிட்டான்! எனக்கு வயிறு எரிந்தது. உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்? நன்றாகவே எரிந்தது.

அப்போதுதான் பெண்ணின் அப்பா, என் மச்சான் முனுசாமி, ஒரு யோசனை சொன்னார். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி செய்கிற பட்டறையில் வேலை பார்ப்பவர் அவர். "நம்மளோட ஃபிட்டர் துரைன்னு ஒர்த்தர் கீறாரு மச்சான். ரங்கூன்லேர்ந்து கப்பல்ல வந்தவரு. சீனாக்காரங்க வைத்தியம் தெரியும். சும்மா அமுக்கியே சரி பண்றாரு."

"சீனாக்காரன் வைத்தியமா? எல்லைச் சண்டையில அவங்களாண்ட பட்டது பத்தாதா?" என்றான் கோவிந்தன். அவன் வேண்டாம் என்று சொன்னதாலேயே நான் போவது என்று முடிவு செய்தேன்.

மசாஜ் என்றால் நமக்கு என்ன தெரியும்? எண்ணெய்! என் மனைவி ஒரு பாட்டில் நல்லெண்ணெயும் பழைய துண்டும் பையில் வைத்துக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை ரயில் ஏறி, கவரைப்பேட்டை தாண்டி, கும்மிடிப்பூண்டியில் இறங்கி, விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். துரைக்கு நாற்பது வயதிருக்கும். ஒல்லி. ஆனால் கட்டைவிரல் இரண்டும் சுத்தியல்.

"உக்காருங்க சார், வந்துர்றேன்" என்று கை கழுவப் போனார். நான் நேரத்தை வீணாக்கவில்லை. கஷ்டப்பட்டுச் சட்டையைக் கழற்றி, பனியனைக் கழற்றி, துண்டைக் கட்டிக்கொண்டு, பெஞ்சில் குப்புறப் படுத்துவிட்டேன். தலைமாட்டில் எண்ணெய் பாட்டில்.

டீ கொண்டுவந்த அவர் மனைவி "ஐயோ!" என்று அப்படியே திரும்பி ஓடிவிட்டார்.

"இன்னா சார் இது? சட்டையப் போட்டுக்கினு உக்காருங்க" என்று பதறினார் துரை. "இது துணி மேலயே பண்றது. எண்ணெயே வாணாம்."

"அப்ப இந்த பாட்டில்...?"

"குடுங்க. சமையலுக்கு ஆவும்."

மானம் போனபின் வைத்தியம் தொடங்கியது. ஆனால் உடனே கை வைக்கவில்லை. கீழே விழுந்தேனா, காய்ச்சல் உண்டா, நெஞ்சு வலிக்கிறதா, விரல் மரத்துப் போகிறதா என்று வரிசையாகக் கேட்டார். "அதுல ஏதாச்சும் இருந்தா நான் தொட மாட்டேன் சார். டாக்டராண்ட போயிடணும்." அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

தோளில் ஒரு துணியைப் போட்டு, கையின் பின்பக்கத்தால் சப்பாத்தி தேய்ப்பதுபோல் உருட்டினார். கழுத்து முதல் முழங்கை வரை சூடு பரவியது. சொகுசாகக் கண் செருகியது. அடடா, இதுவல்லவா வாழ்க்கை என்று நினைத்த நிமிஷம்... மனிதர் தரையில் உட்கார்ந்து என் முழங்காலுக்குக் கீழே, ஆடுசதைப் பக்கம், கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார் பாருங்கள்!

"ஐயோ! நைனா... வலி தோள்ல! நீ கால்ல இன்னா தேடுற?"

"கத்துங்க, பரவால்ல. கையத் தூக்குங்க."

"தூக்க முடியலன்னுதானே வந்தேன்!"

"தூக்குங்க சார்!"

தூக்கினேன். நெஞ்சைத் தாண்டிக் கழுத்து வரை வந்தது. இரண்டு மாதத்தில் முதல் தடவை! நான் கையைப் பார்க்கிறேன், கை என்னைப் பார்க்கிறது.

"உடம்பு பூரா வழிங்க ஓடுதாம் சார். மேல அடைச்சா கீழ தொறக்கலாம்னு எனக்குக் கத்துக்குடுத்த சீனாக்காரர் சொல்லுவாரு" என்றார் துரை. ரங்கூன் துறைமுகத்தில் இவர் மூட்டை தூக்கியவர். இடுப்பு பிடித்துக்கொண்டபோது பக்கத்து வீட்டுச் சீனர் சரிசெய்திருக்கிறார். அவரிடமே கற்றுக்கொண்டாராம். "கப்பல் ஏறும்போது பர்மா ஆபீசருங்க எதையும் எடுத்துக்கினு வர வுடல சார். கட்டிக்கினு இருந்த வாட்சக்கூட கழட்டிக்கினாங்க. இத மட்டும் கழட்ட முடியல" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டிச் சிரித்தார்.

உடம்புக்குள் வழி ஓடுகிறதோ இல்லையோ, எனக்குத் தெரியாது. என் புத்திக்கு எட்டியது இதுதான்: கால் வலியில் தோளை மறந்தேன். பயம் மறந்த கை தானாக ஏறியது. வலிக்குமே, வலிக்குமே என்று கையைப் பொத்திப் பொத்தி வைத்தே அதைக் கட்டையாக்கியவன் நான்தான். நம்மில் எத்தனை பேர் உடம்பை இப்படித்தான் நடத்துகிறோம்!

"நாளைக்கு நல்லா வலிக்கும். என்னைத் திட்டுவீங்க. திட்டிக்கினே கையத் தூக்கணும்" என்று சொல்லி அனுப்பினார். அன்று மத்தியானம் கூடுதலாக ஒரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன். மறுநாள் எழுந்தால் நாலு பேர் சேர்ந்து அடித்தது மாதிரி வலி. திட்டினேன். திட்டிக்கொண்டே சுவரில் விரலை ஏற்றினேன். ஆறு ஞாயிற்றுக்கிழமை இப்படி. கை கழுத்தைத் தாண்டியது, மோவாயைத் தாண்டியது. ஒருநாள் நானே தலை வாரிக்கொண்டேன்! வகிடு கோணல்தான். இருந்தாலும் என் மனைவி அடுப்பை விட்டு வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

கல்யாண நாள். மேளம் முழங்குகிறது. முன்வரிசையில் துரை. மேடையோரத்தில் புதுச் சட்டையில் கோவிந்தன். பட்டத்தை எடுத்து வசந்தாவின் நெற்றியில் வைத்தேன். இடது கை சுலபமாகப் பின்னால் போனது. வலது கை ஏறியது... மோவாய்... காது... அங்கே நின்றுவிட்டது. இன்னும் நாலு விரல் ஏற வேண்டும். வசந்தா உயரமான பெண். கொண்டையில் பூ வேறு ஒரு கூடை!

எனக்கு வியர்த்தது. கோவிந்தன் ஒரு காலை மேடையில் வைத்துவிட்டான்.

சட்டென்று வசந்தா தலையைக் குனிந்தாள். நன்றாகவே குனிந்தாள். "பொண்ணுக்கு வெக்கத்தப் பாரு!" என்று பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு.

வெட்கமா? எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி அவள் சொன்னாள்:

"மாமா, இதுக்கு மேல குனிஞ்சா பூவெல்லாம் வுழுந்துடும். சட்டுனு முடிச்சப் போடு!"

போட்டேன். இரண்டு முடிச்சு. மூன்றாவதைக் கண்ணீரோடு தடவித் தடவித்தான் போட்டேன்.

என் கையை முக்கால் தூரம் ஏற்றியது சீனாக்காரர் வைத்தியம். மிச்சத்தைக் குனிந்து கொடுத்தது எங்கள் வீட்டுப் பெண்!