லாமரோ திரும்பி வந்ததாகப் படித்த நாள்

கிட்கும் ஊரில் எங்கள் பதிவகத்தில் அச்சிரோவும் நானும் பக்கத்துப் பக்கத்து மேசை. உள்நாட்டுப் போரில் கிளர்ச்சிக்காரர்கள் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போன பிள்ளைகளைப் பற்றிப் பெற்றவர்கள் சொன்ன வாக்குமூலங்கள் எழுநூறுக்கு மேல் எங்களிடம் இருந்தன. எல்லாம் அச்சோலி மொழியில், கையெழுத்தில். அவற்றைத் தட்டச்சு செய்து, ஒரு பக்க ஆங்கிலச் சுருக்கமாக்கி, சொன்னவரிடமே படித்துக்காட்டிப் பெருவிரல் ரேகை வாங்க வேண்டும். ரேகை இருந்தால்தான் எங்கள் அறிக்கையின் காணாமல் போனோர் பட்டியலில் பெயர் ஏறும்.

இந்தக் காகிதங்களை இணையத்தில் ஏற்றக்கூடாது என்று கட்டுப்பாடு. யார் யாரைக் கொன்றார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பெயர் வந்தவர்கள் பலர் இன்னும் பக்கத்துக் கிராமங்களில்தான் வாழ்கிறார்கள். அதனால் ஒரு கணினிக்குள்ளேயே, வெளித்தொடர்பு எதுவும் இல்லாமல் ஓடுகிற ஏஐ ஒன்றை அச்சிரோ நிறுவினாள். பெரியது எங்கள் கணினியில் ஏறவில்லை. சின்னதுதான் ஏறியது. அச்சோலி அதற்கு அரைகுறை. ஆனாலும் நாங்கள் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதுவதை நாலு நிமிஷத்தில் எழுதிவிடும்.

முதல் இருநூறு சுருக்கங்களை அவள் மூலத்தோடு வரி வரியாக ஒத்துப் பார்த்தாள். பெரிய தப்பு எதுவும் இல்லை. பதிவகத் தலைவர் கொமகெச் தினமும் வந்து நின்றார்.

"அச்சிரோ, இப்படியே போனா அறிக்கை வர்றதுக்குள்ள சொன்னவங்கள்ல பாதிப்பேர் செத்துருவாங்கம்மா."

அதில் பொய் இல்லை. அவள் ஒத்துப் பார்ப்பதை நிறுத்தினாள். எனக்கும் தெரியும். நானும் தடுக்கவில்லை.

லாமரோவின் அம்மா முற்றத்தில் எள் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது நாங்கள் ரேகை வாங்கப் போய்ச் சேர்ந்தோம். லாமரோ, இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் அவர்கள் இழுத்துக்கொண்டு போன பதினோரு வயது மகள். அச்சிரோ சுருக்கத்தை அச்சோலியில் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசி வரியும் அதே வேகத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது: "பின்னர் மகள் மறுவாழ்வு மையம் வழியாக வீடு திரும்பினாள்."

அந்த அம்மா எழுந்து குலவையிட்டாள். நாலு வீட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தி அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

அச்சிரோ பையைக் கவிழ்த்து மூலத்தைத் தேடினாள். வாக்குமூலம் நீளம், கடைசிப் பக்கத்தை அந்த ஏஐ வாங்கிக்கொள்ளவே இல்லை. மற்ற பிள்ளைகளின் கதை முடிந்த மாதிரியே இதையும் அதுவாக முடித்துவிட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தில் இருந்தது ஒரே வரி: 'அவளைப் பார்த்ததாக இதுவரை யாரும் என்னிடம் சொல்லவில்லை.'

"அம்மா, கொஞ்சம் உக்காருங்க. இதுல தப்பிருக்கு."

"என்ன தப்பு? நீதானே படிச்ச?"

"நான் படிச்சது மிஷின் எழுதினதும்மா. நீங்க சொன்னதுல அப்படி இல்ல."

"நான் சொன்னதுல எப்படி இருக்கும்? எனக்குத் தெரியாததத்தானே அது சொல்லுது! எத்தனை பேர் கதைய அதுக்குள்ள போட்டிருக்கீங்க. எவளாவது என் பிள்ளையப் பாத்திருப்பா."

சரியான வாக்குமூலத்துக்கு ரேகை வைக்க மறுத்துவிட்டாள்.

மறுவாரம் பதிவகத்துக்கே வந்தாள். கூடவே வேறு ஆறு பேர். "எங்க பிள்ளையப் பத்தியும் கேட்டுச் சொல்லு" என்றார்கள். அதற்கு எதுவும் தெரியாது என்று அச்சிரோ தொண்டை கட்டும்வரை சொன்னாள்.

"தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் சொல்லுவியோ?" என்றார் ஒரு பெரியவர்.

அப்போதுதான் அச்சிரோ அதைச் செய்தாள். நிரூபித்துக் காட்டினால் நம்புவார்கள் என்று நினைத்தாள். லாமரோ அம்மாவைக் கணினி முன் உட்காரவைத்து, கடைசிப் பக்கம் இல்லாமல் அதே வாக்குமூலத்தை மூன்று தடவை கொடுத்து, வந்ததை அச்சோலியில் படித்துக்காட்டினாள். ஒரு தடவை மகள் வீடு திரும்பினாள். ஒரு தடவை எல்லைக்கு அப்பால் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றாள். ஒரு தடவை ஆற்றைக் கடக்கும்போது சுடப்பட்டுச் செத்தாள்.

"பாத்தீங்களா? வாய்க்கு வந்தத சொல்லுது. இதுக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

அந்த அம்மா திரைப்பக்கம் குனிந்தாள்.

"எந்த ஆறு?" என்று கேட்டாள்.

அச்சிரோ கணினியை அணைத்தாள்.

"நீ கேக்காம இருந்திருந்தா, பொண்ணே, அது முதல்ல சொன்னதோட நின்னிருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். பிறகு வரவில்லை.

அச்சிரோ மிச்சமிருந்த எல்லாச் சுருக்கங்களையும் மூலத்தோடு ஒத்துப் பார்த்தாள். மேலும் ஒன்பது கதைகளுக்கு அது தானாக முடிவு எழுதியிருந்தது. திருத்தினாள். அறிக்கை அச்சாகி வந்தது. ரேகை இல்லாததால் லாமரோவின் பெயர் பட்டியலில் இல்லை.

"அந்த ஒரு பேரையாவது சேக்கலாமே சார்" என்று கொமகெச்சிடம் கெஞ்சினாள்.

"ஒண்ணுக்கு விட்டா எல்லாத்துக்கும் விடணும். அப்புறம் பட்டியலுக்கே மதிப்பு இருக்காதும்மா" என்றார் அவர். அதுவும் நியாயம்தான்.

அந்த மாசக் கடைசியில் அச்சிரோ வேலையை விட்டுவிட்டு லிரா ஊரில் தன் அக்கா வீட்டுக்குப் போனாள். அங்கே யாருடனும் அதிகம் பேசுவதில்லை என்று அக்கா சொன்னாள்.

போன மாசம் வேறொருவர் வாக்குமூலத்துக்காக அந்தக் கிராமத்துக்குப் போனேன். லாமரோ அம்மா முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தாள். என் கையில் காகிதத்தைப் பார்த்ததும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.