உரிக்காத உறை

கம்ப்யூட்டர் முதல் தடவை தானாக அணைந்தபோது வீட்டில் இருந்தவர்கள் அம்மா, அக்கா, நான். அப்பா இல்லை. செவ்வாய்க்கிழமை கடலுக்குப் போனவர் வியாழன் மதியம்தான் கரைக்கு வருவார். அதற்கு முன்னால், வியாழன் காலை பதினோரு மணிக்கு, எனக்கு ஒரு பரீட்சை. கட்டட வரைபடம் போடும் வேலைக்கானது. வீட்டில் தனியாக உட்கார்ந்து, கேமராவுக்கு முன்னால் இரண்டு மணி நேரம் வரைய வேண்டும். பிரவுசிங் சென்டரில் எழுதக் கூடாது. நடுவில் நின்றுபோனால் மறு வாய்ப்பும் கிடையாது.

புதன்கிழமை காலை பயிற்சிக்காக ஒரு வரைபடத்தைத் திறந்தேன். இருபதாவது நிமிடம் திரை கறுத்தது. மறுபடி போட்டேன். பத்து நிமிடம்தான் தாங்கியது. சூட்டைக் காட்டும் மென்பொருளில் பிராசசர் தொண்ணூற்றெட்டு டிகிரி என்றிருந்தது.

“சாமானுக்கே ஜொரமாடா?” என்றாள் அக்கா. அம்மாவோடு மீன் விற்கப் போகிறவள், அன்றைக்கு அப்போதுதான் கூடையைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள்.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். பிராசசரின் மேல் உட்கார்ந்திருக்கும் கூலரின் விசிறியில் தூசி கம்பளி போலப் படிந்திருந்தது. நடுவே மின்னிய ஒன்றை நகத்தால் எடுத்தேன். மீன் செதில். பிரஷ்ஷால் எல்லாவற்றையும் துடைத்தும் சூடு குறையவில்லை. உற்றுப் பார்த்ததில், கூலரை மதர்போர்டுப் பலகையோடு பிடிக்கும் நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று முறிந்து, கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. புதிது வாங்கித்தான் ஆக வேண்டும்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உப்பளம் என்ற பகுதியில், பழைய துறைமுகத்துப் பக்கம் வீடு. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே பொருக்கு பொருக்காக உதிரும். அதனால் புதுப் பொருளின் மேல் ஒட்டி வரும் பிளாஸ்டிக் உறையை நாங்கள் உரிப்பதே இல்லை. அப்பாவின் கட்டளை அது. ஃப்ரிட்ஜ் கதவு நான்கு வருடமாக உறையோடுதான் இருக்கிறது. அக்காவின் ஸ்கூட்டர் சீட்டிலும் உறைதான்; பிரேக் போட்டால் பின்னால் இருப்பவர் சறுக்கி முன்னால் வந்துவிடுவார். அப்படிச் சறுக்கிக்கொண்டேதான் அன்று கடைக்குப் போனேன். எண்ணூற்றைம்பது ரூபாய்க்குக் கூலர் வாங்கி வந்தோம். டப்பாவிலேயே சின்னக் குழாயில் பேஸ்ட்டும் இருந்தது. பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே தடவுவது.

கூலரின் அடிப்பக்கம் கண்ணாடி போலப் பளபளத்தது. அதன் மேல் மெல்லிய உறை, ஓரத்தில் இரண்டு வரி எழுத்து.

“இன்னா எழுதியிருக்கு?” என்றாள் அக்கா.

“சீன எழுத்து. தெரில.”

“அப்ப இன்னாத்துக்கு அவ்ளோ படிச்ச? சரி, கவர உரிச்சிடாத. புதுசு.”

அவள் சொல்லாவிட்டாலும் உரித்திருக்க மாட்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆனால் கைக்கு வீட்டுப் பழக்கம்தான் தெரியும். ஓரத்தில் லேசாகத் தூக்கியிருந்த உறையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டவைத்தேன். அதன் மேலேயே பேஸ்ட்டைத் தடவி, நான்கு கால்களும் ‘டக்’ என்று உட்காரும்வரை அமுக்கினேன்.

ஐந்தே நிமிடத்தில் சூடு நூறு. அணைந்துவிட்டது. முன்னைவிட மோசம்.

எனக்குக் கண் கலங்கியது. அம்மா பக்கத்தில் வந்து குந்தினாள். “இன்னொரு தபா போடு கண்ணு” என்றாள். போட்டேன். எண் கிடுகிடுவென ஏறியது. அம்மா ஐஸில் கிடக்கும் மீனைத் தொட்டுப் பார்ப்பதுபோல, கூலரின் ஓரத் தகட்டில் விரலை வைத்தாள்.

“சூடு சூடுங்கற, இது சில்லுன்னு கெடக்குது?”

நானும் தொட்டேன். சில்லென்றுதான் இருந்தது. கீழே பிராசசர் கொதிக்கிறது, ஒட்டி உட்கார்ந்த கூலர் குளிர்ந்திருக்கிறது. அப்படியென்றால் சூடு மேலே ஏறவே இல்லை. நடுவில் எதுவோ தடுக்கிறது. தலையை நிமிர்த்தினேன். எதிரே ஃப்ரிட்ஜ் கதவு, குமிழ் குமிழாக உப்பிய உறையோடு.

“ஐயோ, கவரு!”

கூலரைக் கழற்றி, உறையை உரித்தேன். பேஸ்ட் முழுவதும் அதிலேயே போய்விட்டது. அக்காவைத் தனியாகக் கடைக்குப் போய் வரச் சொன்னதற்கு, “பேஸ்ட்டுன்னா பல்லு வெளக்கறத குடுத்துட்டான்னா? நீயும் ஏறு” என்றாள். மறுபடியும் சறுக்கிக்கொண்டு போய், நூற்றிருபது ரூபாய்க்கு ஒரு குழாய் வாங்கினோம். கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். அக்கா அவரை முறைத்தாள். “எந்தம்பி எல்லாம் தெரிஞ்சவன்தாங்க. நாந்தான் உரிக்காதன்னேன்.”

வியாழக்கிழமை அம்மா வியாபாரத்துக்குப் போகவில்லை. வாசலில் உட்கார்ந்து, வந்தவர்களை எல்லாம் கையாலேயே திருப்பி அனுப்பினாள். சத்தம் வரக் கூடாதென்று அக்கா மிக்ஸியின் ஒயரைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நான் வரைந்தேன். திரையின் மூலையில் அறுபத்திரண்டு, அறுபத்தைந்து, மறுபடி அறுபத்திரண்டு. இரண்டு மணி நேரமும் அறுபத்தைந்தைத் தாண்டவில்லை. அந்த வேலையில்தான் இப்போது இருக்கிறேன்.

பரீட்சை முடிந்து கதவைத் திறக்கவும் அப்பா வரவும் சரியாக இருந்தது. அக்கா ஆரம்பத்திலிருந்து நடித்தே காட்டினாள். தப்பு தன் கட்டளையில் வந்து நிற்கிறது என்று புரிந்ததும் அப்பா ஃப்ரிட்ஜிடம் போனார். கதவு மூலையில் உறையை நகத்தால் கொஞ்சம் நெம்பினார். பிறகு தடவி ஒட்டிவிட்டார்.

“இது சூடாவுற சாமான் இல்லியே. இருக்கட்டும்.” எங்கள் சிரிப்பை மாற்றுவதற்காகவோ என்னவோ, “எவ்ளோ ஆச்சு?” என்றார்.

“தொள்ளாயிரத்தி எழுவது” என்றாள் அம்மா. தன் ஒரு நாள் வியாபாரத்தை அவள் சேர்க்கவில்லை.

“ரெண்டு தபா போயி வந்தேனே, பெட்ரோலு?” என்றாள் அக்கா.

“அதுக்கு ஒரு நூறு போட்டுக்க” என்றார் அப்பா.

ஆக, ஆயிரத்து எழுபது ரூபாய்.