விருப்பம் ஒன்று, விருப்பம் இரண்டு

எங்கள் தெருவில் யாருக்காவது ஒரு படிவம் நிரப்ப வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். 2004 கடைசியில் சுனாமி வந்து போன பிறகு ஆரம்பித்த பழக்கம் அது. அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. வீடு போனதற்கு ஒரு படிவம், படகு போனதற்கு ஒரு படிவம், ஆள் போனதற்கு ஒரு படிவம். என் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும், இங்கிலீஷும் கொஞ்சம் வரும். எங்கள் தேவனாம்பட்டினத்துப் பெண்கள் வரிசையாக வந்து உட்கார்ந்து சொல்வார்கள், நான் எழுதுவேன். என்ன எழுதினேன் என்று ஒருத்தர்கூடத் திருப்பிக் கேட்டதில்லை. நான் விரலால் காட்டிய இடத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டுப் போவார்கள்.

என் கூட்டாளியின் அம்மாவும் அப்படி வந்தவர்தான். அவரை அத்தை என்பேன், அவனை மச்சான் என்பேன். "நீ எழுதுன ராசிதான்டா எங்களுக்கு வூடு வந்துச்சி" என்று அத்தை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். நல்ல ராசி!

மச்சானுக்குப் படம்தான் எல்லாம். சுனாமிக்குப் பிறகு வந்த ஃபைபர் படகுகள் ஒரே மாதிரி வெள்ளையாக இருந்தன. எது யாருடையது என்று கரையில் சண்டை நடக்கும். அவன் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொரு படகுக்கும் ஒவ்வொரு விதமாகப் பேர் எழுதினான். தூரத்தில் வரும்போதே எந்தப் படகு என்று சொல்லிவிடலாம். பள்ளி லீவில் டவுனுக்குள் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் வேலைக்குப் போனான். அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் சோறு தண்ணி மறந்துவிடும். காதுகுத்து பேனரைக்கூடப் பஸ்ஸில் போகிறவன் திரும்பிப் பார்க்கிற மாதிரி செய்வான். "எழுத்தும் மூச்சு வுடணும் மச்சான். சுத்தி எடம் வுட்டாதான் கண்ணுல வந்து நிக்கும்" என்பான். எனக்கு அதெல்லாம் புரியாது, ஆனால் தலையாட்டுவேன்.

ப்ளஸ் டூ முடித்ததும் இரண்டு பேருமாகச் சிதம்பரத்தில் ஒரு கல்லூரிக்குப் போய் விண்ணப்பம் வாங்கி வந்தோம். கம்ப்யூட்டரில் இரண்டு படிப்பு. ஒன்று ப்ரோகிராமிங், எனக்கு அது போதும். இன்னொன்று புதிதாக வந்த டிஜிட்டல் டிசைன். "ரெண்டும் அதே பொட்டிதானடா, எதுல சேந்தா என்னா?" என்றார் அத்தை. மச்சான் சிரித்தான். "மொதல்ல டிசைன் போடு மச்சான். அது கெடைக்கலன்னாதான் ஒன்னோடது. மறந்துடாத" என்றான்.

மறக்கவில்லை. அதுதான் கொடுமை.

ப்ரோகிராமிங் வகுப்பு காலையில், டிசைன் வகுப்பு மதியத்துக்கு மேல் என்று விண்ணப்பத்தோடு கொடுத்த விளக்கப் புத்தகத்தில் போட்டிருந்தது. அப்படியானால் நான் காலையில் தனியாகப் பஸ் ஏற வேண்டும், தனியாக உட்கார வேண்டும், தனியாகச் சாப்பிட வேண்டும். புது ஆளைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிற ஜென்மம் நான். பள்ளிக்கூடத்தில் எனக்காகப் பேசியது அவன், என்னைக் கேலி செய்தவனின் சட்டையைப் பிடித்தது அவன். அவன் இல்லாமல் மூன்று வருஷமா என்று நினைத்தேன். வேறு எந்தக் காரணமும் இல்லை. பொறாமை என்றால்கூடச் சொல்லிக்கொள்ள ஒரு கௌரவம் இருந்திருக்கும். வெறும் பயம்.

அவன் படிவத்தில் விருப்பம் ஒன்று என்ற கட்டத்தில் ப்ரோகிராமிங் என்று எழுதினேன். விருப்பம் இரண்டில் டிசைன். அவன் எதிரிலேயே உட்கார்ந்து விளக்கப் புத்தகத்தின் பின் அட்டையில் ஏதோ வரைந்துகொண்டிருந்தான். கையெழுத்துப் போடு என்று தள்ளினேன். பார்க்காமல் போட்டான். அவன் கையெழுத்து அப்போதெல்லாம் அவ்வளவு அழகாக இருக்கும், கடைசி எழுத்து வால் மாதிரி நீண்டு மேலே சுழித்துக்கொண்டு போகும்.

இரண்டு பேருக்கும் ப்ரோகிராமிங் கிடைத்தது. அவன் முகம் ஒரு நிமிஷம் வாடியது, பிறகு என் தோளில் கை போட்டான். "டிசைன் கெடைக்கல போலக்குது. சரி வுடு, நீ இருக்கல்ல" என்றான். அந்தக் கையை அப்போதே தட்டிவிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

தினமும் பஸ் குடிகாட்டுக் கம்பெனிகளைத் தாண்டும்போது கெமிக்கல் நாற்றம் அடிக்கும், எல்லோரும் ஜன்னலை இழுத்து மூடுவார்கள். அந்த நாற்றத்தில்கூட எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பக்கத்தில் அவன் இருந்தான். இரண்டாவது வாரம் டிசைன் வகுப்பை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "பாதி பெஞ்ச் காலியா கெடக்குது மச்சான். எனக்கு ஏன் குடுக்கல? மாத்தித் தரச் சொல்லி ஒரு லெட்டர் எழுதேன்" என்றான். நான் வாய் கூசாமல் சொன்னேன். "அதுக்கு மார்க் ஜாஸ்தி வேணும்டா. சேந்தப்புறம் மாத்த மாட்டாங்க." அவன் நம்பினான். படிவம் விஷயத்தில் நான் சொன்னால் எங்கள் தெருவே நம்பும்.

அவனுக்கு ப்ரோகிராம் ஏறவே இல்லை. ஃப்ளோ சார்ட் வரையச் சொன்னால் வகுப்பே கூடி நின்று பார்க்கும், அதை ப்ரோகிராமாக எழுதச் சொன்னால் வியர்த்துவிடும். லேப் பரீட்சையில் சீட்டு எடுக்கச் சொல்வார்கள். சீட்டில் எந்த ப்ரோகிராம் வருகிறதோ அதை எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும். நாங்கள் எல்லோரும் அத்தனை ப்ரோகிராமையும் மனப்பாடம் செய்துகொண்டு போவோம். அவனுக்கு மனப்பாடமும் வராது. ஸ்கிரீனில் வரிசையாகத் தப்பு தப்பு என்று வரும், அவன் கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வான். அரியர் சேர்ந்துகொண்டே போனது. ஒருநாள் வாத்தியார் அவன் ரெக்கார்டு நோட்டைத் தூக்கிப் பிடித்து, "படம் போடறதுக்கா காலேஜுக்கு வந்த?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன்.

மூன்றாம் வருஷம் அவன் வருவதை நிறுத்தினான். வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். ஃப்ளெக்ஸ் கடைக்காவது போடா என்றேன். "வேணாம் மச்சான். அந்த கம்ப்யூட்டரப் பாத்தாலே எழுந்து ஓடிடலாம்னு தோணுது. எனக்கு மண்டையில ஒன்னும் இல்லன்னு தெரிஞ்சிபோச்சி" என்றான். அத்தை என்னைப் பார்த்து, "நீயும் எவ்ளோ பாடுபட்ட இவனுக்கு" என்று அழுதார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

நான் பாஸ் செய்து சென்னையில் வேலைக்குப் போனேன். அங்கே புது ஆட்களோடு பேசப் பழகிவிட்டது. ஒரே மாதத்தில் பழகிவிட்டது. அவ்வளவுதான் விஷயம். இதற்காகவா என்று ஒருநாள் ஆபீஸ் பாத்ரூமில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன்.

2012 மாசிமகத்துக்கு ஊருக்கு வந்தபோது அவன் ஒரு படிவத்தோடு வீட்டுக்கு வந்தான். குடிகாட்டில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் கெமிக்கல் ட்ரம் கழுவிக்கொண்டிருந்தான், விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. வளைகுடா பக்கம் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், ஏஜென்ட் கொடுத்த படிவம், நீதான் எழுத வேண்டும் என்றான். எழுதினேன். பாதியில் வந்ததும் பேனா நின்றது. விருப்பமான வேலை என்று போட்டு அதன் கீழே இரண்டு கட்டம்.

"மச்சான், அன்னிக்கி அந்தக் காலேஜ் ஃபாரத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"அத ஏன்டா இப்போ? அது நமக்குக் கெடைக்கல, வுடு" என்றான்.

"இதுல மொதல்ல எந்த வேல போட? நீயே சொல்லு" என்றேன்.

"எதுனா போடு. எனக்கு எதுலயும் ஆச இல்ல."

ஒன்றில் மீன்பிடி என்றும் இரண்டில் துப்புரவு என்றும் எழுதினேன். "ஒரு தடவ படிச்சிப் பாருடா, ஒன் கால்ல வுழறேன், படிச்சிப் பாரு" என்றேன். அவன் என்னை விநோதமாகப் பார்த்தான்.

"நீ எழுதுனதுல என்னாத்தப் பாக்கறது? எங்கப் போடணும், காட்டு."

காட்டினேன். பார்க்காமல் போட்டான். வாலும் இல்லை, சுழியும் இல்லை, வெறும் பேர் மட்டும்.