இன்வெர்ட்டர் பிளக்குக்கு வந்த சண்டை

என் நாத்தனார் யூதெல்கா எங்க ஊர் இணையக் கம்பெனியில எட்டு வருஷம் வேலை பார்த்தா. கம்பெனின்னதும் பெருசா நெனச்சுக்காதீங்க. மளிகைக் கடைக்கு மேல ரெண்டு ரூம், மலை மேல ஒரு டவர், மூணு வீட்டு மொட்டை மாடியில சிக்னல் டப்பா, அவ்வளவுதான். முதலாளி பேரு உபால்தோ. தொப்பைக்கு மேல சட்டை பட்டன் ஏறாது. கோபம் மட்டும் எப்பவும் மூக்கு மேல ஏறி உக்காந்திருக்கும்.

லைன் செத்துப் போச்சுன்னு அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? ஜனங்க கடை வாசல்ல வந்து கத்துவாங்க. அதுதான் அவனுக்கு அலாரம். யூதெல்காவுக்கு இது பிடிக்கவே இல்ல.

"நோயாளி செத்ததை எழவு வீட்டு ஒப்பாரி கேட்டுத்தான் டாக்டர் தெரிஞ்சுக்கிறான் அண்ணி. நல்லாவா இருக்கு?"ன்னு கேப்பா.

கடைசியில ஆபீஸ்ல தூசி புடிச்சுக் கெடந்த கம்ப்யூட்டரைத் துடைச்சு, சும்மா கிடைக்கிற ஒரு புரோகிராமைப் போட்டா. அது நிமிஷத்துக்கு ஒரு தடவை டவரையும் டப்பாவையும் "இருக்கியா?"ன்னு கேக்கும். பதில் வரலைன்னா போனுக்கு மெசேஜ் போகும்.

மொத வாரம் நாறிப் போச்சு. இங்க கரண்டு போகாத நாளு கிடையாது. ஒவ்வொரு தடவை போறப்பவும் வர்றப்பவும் எல்லா டப்பாவும் சேர்ந்து அலறுச்சு. ஒரே நாள்ல நானூறு மெசேஜ். இதுல உபால்தோ வேற அந்த மெசேஜ் வர்ற வாட்ஸப் குரூப்புல பொண்டாட்டி, மச்சான் வில்கின், பங்காளிங்கன்னு எல்லாரையும் சேர்த்து விட்டுட்டான். விடிஞ்சா பூப் போட்ட காலை வணக்கம், கர்த்தர் ஆசீர்வாதம், லாட்டரி நம்பர், எவன் வீட்டுப் புள்ளைக்கோ பல்லு முளைச்ச போட்டோ. நடுவுல "மலை டவர் பதில் இல்லை". எவன் பார்ப்பான்? எல்லாரும் சத்தத்தை அமுக்கி வச்சுட்டாங்க. அந்தக் குரூப்பை நானும் பார்த்தேன்.

அவ விடல. ஒரு மாசம் உக்காந்து சரி பண்ணினா. மூணு தடவை கேட்டும் பதில் வரலைன்னாதான் மெசேஜ். கரண்டு போனா எல்லாத்துக்கும் சேர்த்து ஒண்ணே ஒண்ணு. அதுவும் அவ போனுக்கும் உபால்தோ போனுக்கும் மட்டும். அதுக்கப்புறம் ஜனங்க கத்துறதுக்கு முன்னாடியே இவ ஏணியைத் தூக்கிட்டுப் போயிருவா.

இன்வெர்ட்டர் சமாச்சாரம் எங்க ஊர்ல தனி. பேட்டரியில ஓடுற பிளக்கு ரெண்டோ மூணோதான் இருக்கும். ஃபேனுக்கா, டிவிக்கான்னு புருஷன் பொண்டாட்டியே அடிச்சுக்குவாங்க. ஆபீஸ் இன்வெர்ட்டர்ல ஒரு பிளக்கு அந்தக் கம்ப்யூட்டருக்கு. சிவப்பு டேப் சுத்தி "தொடாதே"ன்னு எழுதி வச்சிருந்தா. அதோட முதலாளிகிட்ட இன்னொண்ணும் கேட்டா: இந்தக் கம்ப்யூட்டரே செத்தா சொல்றதுக்கு, எங்க வீட்டுல சின்னதா ஒரு பொட்டி வைக்கணும். எங்க வீட்டுக்கு டெலிபோன் கம்பெனி லைன், உபால்தோ லைன் செத்தாலும் அது ஓடும்.

உபால்தோ தொப்பை குலுங்கச் சிரிச்சானாம். "காவக்காரனுக்கு ஒரு காவக்காரனா? நாளைக்கு அவனுக்கும் ஒருத்தன் கேப்பியாம்மா?"

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் எங்க தெருவுல கரண்டு இருந்துச்சு. ஆபீஸ் பக்கம் இல்லைன்னு எங்களுக்குத் தெரியாது. யூதெல்காவுக்கு லீவு. மசிச்ச வாழைக்காயும் பொரிச்ச சீஸும் தட்டுல போட்டுக்கிட்டு, போனைப் பார்த்து, "ஒரு மெசேஜ் இல்ல அண்ணி, நிம்மதி"ன்னா. மூணு மணிக்கு பெல்கிஸ் டீச்சர் வாசல்ல வந்து நின்னாங்க. முகம் செவந்து கெடந்துச்சு.

"என்னடி தின்னுக்கிட்டு இருக்க? ஒரு மணியிலேருந்து லைன் இல்ல. என் புள்ளைங்க இருபது பேரு ஆன்லைன் பரீட்சை பாதியில நிக்குது!"

நானும் அவ கூடவே ஓடினேன். கடை நிழல்ல உபால்தோ டாமினோ ஆடிக்கிட்டு இருந்தான். சுத்தி நாப்பது பேரு கத்துறாங்க. "மெசேஜ் வரல, அப்போ எல்லாம் ஓடுதுன்னு அர்த்தம்!"னு அவங்ககிட்டயே சாதிக்கிறான். எங்க போயி முட்டிக்கிறது?

மேல போனா கம்ப்யூட்டர் கறுப்பா கெடந்துச்சு. சிவப்பு டேப்பு தரையில சுருண்டு கெடக்கு. அந்தப் பிளக்குல ஒரு ஃபிரீசர், கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கிச் சாதா கரண்டு பிளக்குல சொருகி வச்சிருக்கு. வில்கின் பீர் விக்க ஆரம்பிச்சிருக்கான். மூடியைத் திறந்தேன், பாட்டில் மேல பனி பூத்திருந்துச்சு. ஊரே செத்துக் கெடக்கு, பீரு மட்டும் ஜில்லுனு இருக்கு.

கரண்டு வந்ததும் யூதெல்கா கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தா. கடைசியா பதினொண்ணு நாப்பத்திரெண்டுக்குத்தான் பேசியிருக்கு. கரண்டு போன அதே நிமிஷம். மலை டவர் பேட்டரி ஒரு மணிக்குத்தான் தீர்ந்துச்சாம். இந்தக் கம்ப்யூட்டர் உசுரோட இருந்து கரண்டு போனதைச் சொல்லியிருந்தா, ஜெனரேட்டரோட மலை ஏற ஒண்ணேகால் மணி நேரம் இருந்துச்சு. உபால்தோகிட்ட காட்டினா.

"அதை விடும்மா," அப்படின்னான். "டெக்னீசியன் கவனக்குறைவுன்னு ஒரு நோட்டீஸ் எழுதி, உன் கையெழுத்தைப் போட்டுக் கடையில ஒட்டு. பத்து நாள்ல மறந்துருவாங்க."

"அவங்க மறந்துருவாங்க. அப்புறம் என்னை நம்பி எவன் டவர்ல ஏத்துவான்?"

"மச்சானைக் காட்டிக் குடுக்கச் சொல்றியா? என் பொண்டாட்டி என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா. கையெழுத்துப் போடு, இல்ல சாவியை வை."

எனக்கு வாயில வந்ததெல்லாம் எழுத முடியாது. அவ சாவியை மேஜையில வச்சா, ஏணியை எடுத்தா. ஏணி அவ காசுல வாங்கினது.

அவ இடத்துக்கு வில்கின் வந்தான். ஆறு வாரம் கழிச்சு உபால்தோவே எங்க வாசல்ல வந்து நின்னான், சட்டையெல்லாம் வேர்வை.

"யூதெல்கா இருக்காளா? ரெண்டு நாளா பாதி ஊருக்கு லைன் இல்ல. எங்க போச்சுன்னே தெரியல. பழைய சம்பளத்துக்கு மேலயே தர்றேன்."

அவ உள்ளேருந்து வந்தா. "சம்பளம் அப்புறம். அன்னிக்கு நடந்தது என் தப்பு இல்லைன்னு எழுதி, நீங்க கையெழுத்துப் போட்டுக் கடையில ஒட்டுங்க. நாளைக்கே வர்றேன்."

"எழுதுறேம்மா... ஆனா வில்கின் பேரு வேணாமே. இயந்திரக் கோளாறுன்னு போட்டுக்கலாமா?"

அவ திரும்பிப் போயி விட்ட எடத்துலேருந்து துணி மடிக்க ஆரம்பிச்சா. நான் கதவைச் சாத்தினேன். அந்த ஆளு வெளியில ரொம்ப நேரம் நின்னுக்கிட்டு இருந்தான், நாய் குரைக்கிற வரைக்கும்.